வீட்டில் வளரும் உயிர்களுக்கு நன்றி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால் சொசைட்டியில் கேனோடு வரிசையில் நிற்கும்போதும், கால்நடை மருந்தகத் திண்ணையில் காத்திருக்கும்போதும் ஒரே மாதிரிக் கேள்விகள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். தை பிறந்தால் இன்னும் அதிகம். எங்கள் வீட்டுக் கட்டுத்தரையில் ஒரு காங்கேயம் மாடும் ஒரு கலப்பினக் கறவையும் நிற்கின்றன. வாசலில் நாய், அடுப்படியில் பூனை, கொல்லையில் கோழிகள். அதனால் என்னையும் கேட்பார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, பதில்களைத் தொகுத்திருக்கிறேன். வைத்தியம் சம்பந்தமாக இதில் இருப்பவை கால்நடை மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயங்கள்தான். நன்றி என்று நாம் எதைச் செய்தாலும் அது அந்த உயிரின் உடம்புக்கு உதவ வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எல்லாப் பதில்களும் அங்கிருந்துதான் வருகின்றன.

ஏனுங்க, நாம நன்றின்னு சொன்னா மாட்டுக்கும் நாய்க்கும் புரியவா போகுது?

சொல் புரியாது. குரலும் கையும் நன்றாகவே புரியும். மாடுகள் ஒன்றையொன்று நக்கிக்கொடுக்கும் இடங்களைப் பாருங்கள்: கழுத்து, அலைதாடி, திமிலை ஒட்டிய பகுதி. அதே இடத்தில் விரலால் மெதுவாகச் சொறிந்துவிட்டால் மாடு கழுத்தை நீட்டும், காது தளர்ந்து தொங்கும், கண் பாதி மூடும். கையை எடுத்தால் முகவாயால் இடித்து இன்னும் கேட்கும். நெற்றியில் தட்டுவதும் கன்றின் தலையைப் பிடித்துத் தள்ளி விளையாடுவதும் வேண்டாம். சின்ன வயதில் அப்படிப் பழகிய கன்று வளர்ந்த பிறகும் முட்டத்தான் செய்யும்.

நாய்க்குப் பார்வையே போதும். 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த பிறகு அளந்து பார்த்தார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே பாசத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஆக்சிடோசின் என்ற சுரப்பு இருவரிடமுமே கூடியிருந்தது. வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றும் முன் நாயின் பக்கத்தில் ஒரு நிமிடம் உட்காருங்கள். அது போதும்.

சரி, தினமும் என்னதான் செய்யோணும்? பூஜை மாதிரி ஏதாவது இருக்குதா?

முதலில் தண்ணீர். தீவனத்துக்குச் செலவழிக்கும் பலர் தண்ணீரைக் கணக்கில் எடுப்பதில்லை. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். கறக்கும் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் சுமார் நாலு லிட்டர் தண்ணீர் மாட்டுக்கு உள்ளே போக வேண்டும். சித்திரை வைகாசியில் ஒரு நல்ல கறவை எழுபது, எண்பது லிட்டர்கூடக் குடிக்கும். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் தண்ணீர் காட்டிவிட்டு, பால் குறைந்துவிட்டது என்று புண்ணாக்கை மாற்றிப் பயன் இல்லை. எப்போதும் குடிக்கிற மாதிரித் தொட்டியில் தண்ணீர் நிற்க வேண்டும். தொட்டியைத் தேய்த்துக் கழுவி உள்பக்கம் சுண்ணாம்பு அடித்து வைத்தால் பாசி பிடிக்காது, தண்ணீரில் தூசி விழுந்திருந்தாலும் தெரியும்.

நாய்க்கும் பூனைக்கும் இதேதான். பத்துக் கிலோ நாய் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், வெயிலில் இன்னும் அதிகம். நேற்றைய தண்ணீரின் மேலேயே ஊற்றாமல், கொட்டிவிட்டுக் கழுவிப் புதிதாக வையுங்கள். பூனைக்கு இயல்பிலேயே தாகம் குறைவு. அதன் தண்ணீர்க் கிண்ணத்தைச் சோற்றுத் தட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் குடிக்க வரும்.

பூஜை உங்கள் வீட்டு வழக்கம். செய்தால் நல்லது. தண்ணீர் வைத்த பிறகு செய்யுங்கள்.

நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. காலையில அஞ்சு நிமிஷம்கூடக் கிடைக்காது. அதுக்கு என்ன வழி?

அஞ்சு நிமிடம் இல்லாவிட்டாலும் ஒரு நிமிடம் இருக்கும். அதில் நின்று பாருங்கள். நல்ல மாட்டின் மூக்கு நுனியில் பொடிப்பொடியாக நீர்த்துளி நிற்கும். காய்ந்திருந்தால் கவனிக்க வேண்டும். படுத்திருக்கும் மாடு அசைபோடுகிறதா? ஒரு உருண்டையை மேலே கொண்டுவந்து ஐம்பது, அறுபது முறை மென்று விழுங்கி, அடுத்ததைக் கொண்டுவரும். அது நடந்தால் உள்ளே எல்லாம் சரியாக ஓடுகிறது. சாணம் நேற்று மாதிரி இருக்கிறதா? இடப்பக்க விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் பள்ளமாக இருக்கிறதா, மேலே ஊதி நிற்கிறதா? இவ்வளவுதான் பார்வை.

நாய் என்றால் சாப்பிட்டதா, எப்போதும் போல எழுந்து வருகிறதா, காதுக்குப் பின்னாலும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். பூனை வளர்ப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஆண் பூனை மணலில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, ஈரமே இல்லை என்றால் அது மலச்சிக்கலாக இருக்கும் என்று காத்திருக்காதீர்கள். சிறுநீர் அடைத்திருக்கலாம். அதே நாளில் டாக்டரிடம் போகாவிட்டால் உயிர் போகும். மாடும் பூனையும் வலியை வெளியே காட்டாத பிறவிகள். தினமும் பார்க்கிற கண்ணுக்குத்தான் அது பிடிபடும்.

மாட்டுப் பொங்கலுக்கு வயிறு நிறையச் சர்க்கரைப் பொங்கல் குடுத்தாத்தானே அதுக்கும் பண்டிகை?

இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். வருடம் முழுக்க உழைத்த மாட்டுக்கு மனசார ஒரு நாள் ஊட்டுகிறோம். மறுநாள் கால்நடை மருந்தகத்தில் வயிறு உப்பிய மாடுகள் வந்து நிற்கின்றன. அன்பால் வந்த நோய் அது.

மாட்டின் பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்துகொண்டு வைக்கோலையும் தட்டையும் மெதுவாகப் புளிக்க வைத்துச் சத்தாக மாற்றுகின்றன. மாடு நாரைச் சீரணிப்பது அவற்றின் தயவில்தான். அங்கே திடீரென்று வெந்த அரிசியும் வெல்லமும் ஒரு குண்டான் போய் விழுந்தால் மாவுச்சத்து வேகமாகப் புளித்து அமிலம் பெருகும். அமிலம் கூடியதும் நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போகும், அமிலத்தை உண்டாக்கும் வகை மட்டும் பெருகும். அசைபோடுவது நிற்கும். சாணம் இளகிப் புளித்த வாடை வரும். மாடு தள்ளாடிப் படுத்துவிடும். முற்றினால் ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு, ஊறவைத்த அரிசி, இட்லி மாவு, ரேஷன் அரிசிக் கஞ்சி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆட்டுக்கு இன்னும் சீக்கிரம் ஆபத்து.

அதற்காகப் படையலை விட வேண்டியதில்லை. எங்கள் பக்கம் பட்டிப் பொங்கல் அன்று கட்டுத்தரையில் சாணத்தால் சின்னத் தெப்பக்குளம் கட்டி, "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று கூவிக்கொண்டே தண்ணீர் தெளித்து மாட்டைச் சுற்றி வருவோம். பொங்கலில் எலுமிச்சை அளவு ஒரு உருண்டை எடுத்து வாழை இலையில் வைத்து ஊட்டுங்கள். சாமிக்குப் படைத்ததில் பங்கு கொடுத்தாயிற்று. அதன் பண்டிகைச் சாப்பாடு பசுந்தீவனம்தான்: சோளத்தட்டு, கரும்புத் தோகை, அகத்தி, வேலிமசால். அன்றைக்கு ஒரு கட்டு கூடுதலாகப் போடுங்கள். மாடு அதைத்தான் ஆசையாக மேயும்.

அக்கம்பக்கத்தில் ஆளுக்கு ஒரு உருண்டை கொடுத்தாலும் சேர்ந்து ஒரு குண்டான் ஆகிவிடும். அதனால் பொங்கல் அன்று ஊர்வலம் போகும் மாட்டுக்கு வீட்டுக்கு வீடு ஊட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வயிறு உப்பிவிட்டால் வாயைப் பிடித்து எண்ணெயோ கஷாயமோ ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய்விடும். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

கொம்புக்குப் பெயிண்ட் அடிக்கலாமா? பசங்க ஆசைப்படறாங்க.

காவியும் சுண்ணாம்பும் அடியுங்கள், பழைய முறையே நல்லது. மாடுகள் ஒன்றையொன்று நக்கும், கம்பத்தில் கொம்பைத் தேய்க்கும். எண்ணெய்ப் பெயிண்ட் அப்படியே வயிற்றுக்குள் போகும். பலூன், ஜிகினாத் தாள், பிளாஸ்டிக் மாலை எதுவும் வேண்டாம். பக்கத்து மாடு அதைப் பிடுங்கித் தின்றால் பெருவயிற்றில் போய்த் தங்கிவிடும், வெளியே வராது. பூமாலை கட்டினாலும் கம்பியில் கோக்காமல் வாழை நாரில் கட்டி, சாயங்காலம் மறக்காமல் கழற்றிவிடுங்கள்.

கன்னு போட்டதும் சீம்பால் எவ்வளவு நாம எடுத்துக்கலாம்? கன்னுக்கு எவ்வளவு விடோணும்?

முதலில் கன்றுக்கு. மனிதக் குழந்தைக்குத் தாயின் ரத்தம் வழியாகவே கொஞ்சம் நோய் எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். கன்றுக்கு அப்படி வராது. அது பிறக்கும்போது கையில் ஒன்றும் இல்லாமல் பிறக்கிறது. முழுவதையும் சீம்பாலில் இருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சக்தியை உறிஞ்சும் திறன் கன்றின் குடலுக்கு முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக இருக்கும். ஒரு நாள் ஆனால் ஏறக்குறைய மூடிவிடும். எனவே நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிறந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் குடிக்க விடுங்கள்.

கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு. 25 கிலோ கன்று என்றால் முதல் நாளில் இரண்டரை லிட்டர், மூன்று நான்கு வேளையாகப் பிரித்து. கலப்பினப் பசுவிடம் அதற்கு மேலும் நிறைய இருக்கும். கன்று குடித்த பிறகு மிஞ்சுவதில் ஏலக்காயும் வெல்லமும் போட்டு அவித்துச் சாப்பிடுங்கள், அக்கம்பக்கத்துக்கும் கொடுங்கள். கறக்கும் நாள் எல்லாம் ஒரு காம்பைக் கன்றுக்கு விடுவது பல வீடுகளில் வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் சின்னக் கன்றுக்கு ஒரு காம்பு போதுமா என்பதை அதன் விலாவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வீட்டுல மிஞ்சுனதை நாய்க்குப் போடறோம். வீணாக்காம குடுக்கறதும் நன்றிதானே?

எது மிஞ்சியது என்பதைப் பொறுத்தது. தயிர்சோறு, உப்பில்லாமல் வேகவைத்த முட்டை, எலும்பு எடுத்த கறி, வெந்த பூசணிக்காய் எல்லாம் நாய்க்கு ஆகும். சோறு மட்டுமே போட்டால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் ரத்தச் சிவப்பணுக்களையும் உடைக்கும். சாம்பார், குருமா, பிரியாணி எதிலும் அவை இருக்கின்றன. பாயசத்தில் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் கூடாது. சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சேர்க்கும் சைலிட்டால் கொஞ்சம் போனாலே நாய் விழுந்துவிடும்.

வேகவைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். கறி எடுத்த அன்று எலும்பைத் தட்டோடு கொண்டுபோய் நாயிடம் வைப்பதை அன்பு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தயவு செய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்க வீடு சுத்த சைவம். பூனைக்கும் பாலும் தயிர்சாதமும்தான். அது நல்லாத்தானே இருக்கு?

பார்க்க நன்றாகத்தான் இருக்கும், கொஞ்ச காலத்துக்கு. டாரின் என்ற சத்து பூனைக்குப் போதிய அளவு உணவிலிருந்தே கிடைக்க வேண்டும். அது இருப்பது இறைச்சியிலும் மீனிலும். குறைந்தால் கண் பார்வை போகும், இதயம் வீங்கும். நாயைக் கவனமாகத் திட்டமிட்டுச் சைவத்தில் வளர்த்துவிட முடியும். பூனையை முடியாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குத்தான் மிஞ்சும்.

மீனை வீட்டுக்குள் கொண்டுவர மனம் ஒப்பவில்லை என்றால் அதில் தவறில்லை. கடையில் விற்கும் பூனைத் தீவனத்தில் டாரின் சேர்த்திருப்பார்கள், அதைத் திண்ணையில் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். அதுவும் ஒப்பவில்லை என்றால் பூனைக்குப் பதில் வேறு உயிரை வளர்ப்பதே நியாயம். எலி பிடித்துச் சமாளித்துக்கொள்ளும் என்று நினைப்பது சரியாக வராது. நகரத்து எலி பாதி விஷம் தின்ற எலி.

ஊசி போட்டா நாய் கத்துதுங்க. நம்மள நம்பி இருக்கறதை இப்படி நோவடிக்கலாமா?

அந்த நம்பிக்கைக்காகத்தான் ஊசி போட வேண்டும். வெறிநோய் அறிகுறி வெளியே தெரிந்துவிட்டால் நாயானாலும் மனிதரானாலும் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1885-இல் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இந்த ஊசியைப் போட்டார். 1907 முதல் நம் குன்னூரிலேயே தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாக வழி இருந்தும் இந்த நோயால் சாவு நடக்கிறது என்பது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, டாக்டர் சொல்லும் தேதியில் பூஸ்டர், அப்புறம் வருடா வருடம். அட்டையைத் தொலைக்காதீர்கள். ஊசி போட்ட நாயே கடித்தாலும், நகம் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் காயத்தில் வைக்க வேண்டாம்.

மாட்டுக்குக் கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊருக்கே வந்து இலவசமாகப் போடுகிறார்கள். "ஊசி போட்டால் பால் குறையும்" என்று மாட்டை ஒளித்து வைப்பவர்கள் உண்டு. ஒன்றிரண்டு நாள் குறையலாம். கோமாரி வந்தால் வாயும் குளம்பும் புண்ணாகி, தின்னவும் நடக்கவும் முடியாமல் நிற்கும் மாட்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

காய்ச்சலா இருந்தா நம்ம மாத்திரையில பாதியைக் குடுக்கலாமா? டாக்டர் வர்ற வரைக்கும் சும்மா பாத்துட்டு இருக்க முடியலை.

கூடாது. பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். அதை உடைத்துச் செரிக்கும் வழி பூனையின் ஈரலில் இல்லை. நமக்கு வலிக்குப் போடும் இபுபுரூபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

மாட்டுக்கு ஊசி வாங்கும்போதும் கேட்டு வாங்குங்கள். டைக்ளோபினாக் என்ற வலி மருந்து போட்ட மாடு இறந்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். 2023-இல் கீட்டோபுரோபன், அசிகுளோபினாக் இரண்டையும் தடை செய்தார்கள். நீலகிரி அடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் அந்தக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. நம் மாட்டுக்குப் போடும் ஊசி அந்தக் கூடு வரைக்கும் போகும். மெலாக்சிகாம் அவற்றுக்குத் தீங்கு செய்யாத மருந்து என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். டாக்டரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அப்போ கை வைத்தியமே வேண்டாங்கறீங்களா? எங்க அப்பிச்சி எல்லாத்தையும் மூலிகையிலதான் பாத்தாரு.

அப்படிச் சொல்லவில்லை. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்துத் தடவும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே பயிற்சி கொடுத்துப் பரப்பியது. மடியைக் கழுவி, கெட்ட பாலைக் கறந்து கொட்டிவிட்டு, தண்ணீர் விட்டு இளக்கி ஒரு நாளைக்குப் பல முறை, ஐந்து நாள் வரை பூச வேண்டும். ஆரம்பத்திலேயே பிடித்தால் நன்றாகக் கேட்கும். மடி கல்லாகி, மாட்டுக்குக் காய்ச்சலும் வந்துவிட்டால் டாக்டர்தான். அளவும் நேரமும் தெரிந்து செய்வது வைத்தியம். உங்கள் அப்பிச்சி தெரிந்துதான் செய்திருப்பார்.

கறவை நின்னுபோச்சு. வித்துட்டேன். நன்றி கெட்டவன்னு ஊர்ல பேசறாங்க. நான் செஞ்சது தப்பா?

தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒற்றை மாட்டை வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் வீட்டில், கறக்காத மாட்டுக்கு மாதம் முழுக்கத் தீவனம் போடுவது என்றால் யாரோ ஒருவர் அரை வயிறு சாப்பிட வேண்டியிருக்கும். வயிறு நிறைந்தவர்கள் இதில் தீர்ப்புச் சொல்வது எளிது. பேசுகிறவர்களில் எத்தனை பேர் ஒரு கட்டுத் தட்டு கொண்டுவந்து போட்டார்கள் என்று பாருங்கள்.

விற்பதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. சினை மாடு கன்று போட இரண்டு மாதம் இருக்கும்போது கறவையை நாமே நிறுத்த வேண்டும், அது இயல்பு. சினை பிடிக்கவில்லை என்றால் தாதுஉப்புக் குறைவா, கருப்பைப் புண்ணா என்று மருந்தகத்தில் பார்த்தால் பலவற்றுக்குத் தீர்வு கிடைக்கும். விற்றே ஆக வேண்டும் என்றால் முகம் தெரிந்த ஆளுக்குக் கொடுங்கள், என்ன தின்னும், எதற்கு மிரளும் என்று சொல்லிக் கொடுங்கள். வசதி இருப்பவர்கள் வயதான மாட்டைக் கடைசி வரை வைத்திருப்பதுதான் முறை. சாணமும் கோமியமும் அது நிற்கும் வரை தந்துகொண்டுதான் இருக்கும்.

எனக்கு ஏற்க முடியாதது ஒன்று உண்டு. கறக்கும்போது மட்டும் பிடித்துக் கட்டி, மற்ற நேரமெல்லாம் தெருவில் அவிழ்த்துவிடுவது. அந்த மாடு குப்பைத் தொட்டியில் சோற்றுப் பொட்டலத்தைக் கவரோடு விழுங்குகிறது. பெருவயிற்றில் என்ன ஆகும் என்று மேலே மாலை பற்றிச் சொன்னதில் இருக்கிறது. விற்பதைவிட இது பல மடங்கு மோசம்.

கோழியை வளக்கறோம், அப்புறம் அறுத்துக் குழம்பு வெக்கறோம். இதுல நன்றின்னு சொல்ல வாய் வருமா?

வரும், வர வேண்டும். சாப்பிடப்போகும் உயிர் என்பதால் அதற்குக் கடன் கூடுதலாகவே இருக்கிறது. இருக்கும் வரை நிழல், சுத்தமான தண்ணீர், கிளறுவதற்கு மண், செல்லு என்கிற கோழிப்பேன் உதிரப் புரள்வதற்குச் சாம்பல் கலந்த ஒரு குழி, இரவில் நரியும் கீரியும் நுழையாத பஞ்சாரம். வெள்ளைக்கழிச்சல் ஒரே வாரத்தில் கொல்லையையே காலி செய்துவிடும், அதற்கு மருந்தகத்தில் தடுப்பூசி உண்டு.

சந்தைக்குக் கொண்டுபோகும்போது காலைக் கட்டி வண்டியில் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். காற்று போகிற கூடையில் வையுங்கள். அறுக்கும்போது கத்தி கூர்மையாக இருக்கட்டும், மற்றக் கோழிகள் பார்க்காத இடமாக இருக்கட்டும், கை தெரிந்தவர் செய்யட்டும். குழம்பு வைத்தால் மீதம் வைக்காமல் சாப்பிடுங்கள்.

முற்றத்துல வந்து விழுந்த கிளிக்குஞ்சைக் கூண்டுல வெச்சுப் பிள்ளை மாதிரி வளக்கறோம். அது தப்பா?

மனசு தப்பில்லை, கூண்டு தப்பு. பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படியே. குஞ்சு அடிபடாமல் இருந்தால் விழுந்த மரத்திலேயே உயரமாக ஒரு கூடையில் வைத்துத் தள்ளி நின்று பாருங்கள், பெரும்பாலும் தாய் வரும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

தெரு நாய்க்குச் சோறு வெச்சா பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க. அவங்களுக்கு ஈரமே இல்லையா?

அவர்கள் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கலாம், ஒரு முறை கடி வாங்கியவர் இருக்கலாம். அந்தப் பயமும் நியாயமானது. அடுத்தவர் வாசலில் வைக்காதீர்கள். 2023-இல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளே குழந்தைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, நுழைவாயில் இவற்றைவிட்டுத் தள்ளி ஓர் இடத்தைக் குறித்து, அங்கே குறித்த நேரத்தில் வைக்கச் சொல்கின்றன. தின்று முடித்ததும் இலையையும் மிச்சத்தையும் எடுத்துவிடுங்கள்.

சோறு மட்டும் போட்டால் பாதி வேலைதான். அந்த நாய்க்குக் கருத்தடையும் வெறிநோய் ஊசியும் நடக்க மாநகராட்சியிலோ நகராட்சியிலோ பதிவு செய்யுங்கள். உங்கள் கைக்குப் பழகிய நாயைப் பிடித்துக்கொடுப்பது உங்களால்தான் முடியும். ஊசி போட்ட நாய் என்று தெரிந்ததும் சண்டைக்கு வந்தவரே தண்ணீர்ச் சட்டி வைத்ததை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன்.

எங்க நாய் போயிருச்சு. மாடு செத்தாலும் சரி, நாய் செத்தாலும் சரி, கடைசியா என்ன செய்யறது முறை?

அழ வேண்டும் என்றால் அழுங்கள். "நாய்தானே" என்று சொல்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. கிணறு, ஓடை, போர்க்குழாய் இவற்றுக்குத் தள்ளி, ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். மாட்டுக்கு ஆறடிக்குக் குறையாத குழி வேண்டும், ஜேசிபி தேவைப்படும். மாநகராட்சிப் பகுதியில் இடம் இல்லாதவர்கள் சுகாதாரப் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள். ஏரிக்கரையில் போட்டுவிட்டு வருவது வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. நன்றாக இருந்த மாடு திடீரென்று செத்து, மூக்கு, ஆசனவாயில் உறையாத கறுத்த ரத்தம் வந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். தோலை உரிக்கவோ அறுக்கவோ யாரையும் விடாமல் முதலில் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

ஊருக்குப் போனா பக்கத்து வீட்டு அக்காதான் எல்லாத்தையும் பாத்துக்கறாங்க. காசு குடுத்தா கோவிச்சுக்கறாங்க. அவங்களுக்கு எப்படி நன்றி காட்டறது?

அவர்கள் வேலையை எளிதாக்கிவிட்டுப் போவதுதான் முதல் மரியாதை. ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டுத்தரைச் சுவரில் ஒட்டுங்கள்: எத்தனை மணிக்குத் தண்ணீர், எவ்வளவு தவிடு, நாய்க்கு எது ஆகாது, பூனை எங்கே ஒளியும், டாக்டர் எண், 1962, உங்கள் எண். தீவனத்தை ஒரு நாளுக்கு ஒரு வாளியாக அளந்து வைத்துவிடுங்கள். கறவை இருந்தால் அந்த நாட்களின் பால் முழுக்க அவர்களுக்கே என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அப்படியே தூக்கி வைத்திருப்பார்கள்.

காசை மறுப்பவர்கள் பதில் வேலையை மறுக்க மாட்டார்கள். ஆடி நோம்பிக்கோ கல்யாணத்துக்கோ அவர்கள் எப்போது ஊருக்குப் போகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நாட்களில் அவர்கள் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுவதையும் தண்ணீர் காட்டுவதையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.